காலராக் கோடையில் ஹிண்டா நுழைந்த வீடு

ஹங்கேரியில், எங்கள் போட்ரோஷ் ஊரில் ஹிண்டாவைப் போலப் பயந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. நாயைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம், குதிரையில் வரும் காவலர்களைக் கண்டால் பயம். சந்தையில் யாராவது அவள் பெயரைச் சற்று உரக்கக் கூப்பிட்டுவிட்டால் போதும், கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன குற்றத்துக்காகப் பிடிக்க வருகிறார்களோ என்பது போல அப்படியே நின்றுவிடுவாள். கூப்பிட்டவள் முட்டை வேண்டுமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் எங்கள் யூதத் தெருவில் இறந்துபோகும் பெண்களைக் குளிப்பாட்டி, கோடித் துணி உடுத்தி அனுப்பிவைத்தாள். அது கூலிக்குச் செய்கிற வேலை இல்லை. அடக்கச் சங்கத்தில் சேர்ந்த பெண்கள் கடவுளுக்காகச் செய்வது. அந்தப் பெண்களுக்கு என் அம்மா பெய்லாதான் தலைவி.

ஹிண்டாவுக்கு இரண்டாவதாகப் பிறந்த பெண் குழந்தை ஒரு குளிர்காலத்தில் தொண்டை அடைத்துச் செத்துப்போனது. என் அம்மாவும் மற்றவர்களும் உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஹிண்டா கதவுக்கு வெளியே பனியில் நின்றாள். உள்ளே போய்ப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. துக்க நாட்களெல்லாம் முடிந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, தன்னையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாயப் பாத்தாலே தெரு மாறிப் போறவ நீ. பொணத்த எப்படித் தொடுவ?"

"அது கடிக்காதுல்ல," என்றாள் ஹிண்டா.

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அம்மா சிரித்துவிட்டாள், சேர்த்தும் கொண்டாள். பிறகு பல முறை எங்களிடம் சொல்லியிருக்கிறாள்: சங்கத்திலேயே கை நடுங்காதவள் ஹிண்டாதான் என்று. கழுவுகிற இடத்தை மட்டும் விலக்கி, மற்ற இடமெல்லாம் மூடியே வைத்திருப்பாள். உடலுக்கு மேலாக எதையும் கை நீட்டி வாங்கமாட்டாள். வேலை முடிந்ததும் இறந்தவளின் பெயரைச் சொல்லி, ஏதாவது குறை வைத்திருந்தால் மன்னித்துவிடு என்று எல்லோரும் கேட்கவேண்டும். ஹிண்டா அதைக் கேட்கும்போது எதிரில் இருப்பவள் பதில் சொல்லப்போகிறாள் என்பது போலக் கொஞ்சம் காத்திருப்பாளாம்.

அவள் கணவர் மெய்லெக் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். கண்ணாடித் தகடுகளை மரச் சட்டத்தில் அடுக்கி முதுகில் சுமந்துகொண்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிராமம் கிராமமாகப் போவார். உயரமான மனிதர், அதிகம் பேசமாட்டார். வேதச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்காதவர். வேலைக்குப் போன ஊரில் மூன்று வேளைத் தொழுகையில் ஒன்று தவறிவிடும் என்று தெரிந்தால், பாதி ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார்.

இவர்களுக்கு மிஞ்சியது மாலி என்கிற ஒரே மகள். அவளை ஆர்மினுக்குக் கட்டிக்கொடுத்தபோது ஊர் இன்னும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆர்மின் தானிய வியாபாரி வீட்டுப் பையன். பெஸ்ட் நகரத்தில் படித்தவன். தாடியைச் சிரைத்திருந்தான். பிறந்தபோது வைத்த பெயர் ஆரோன். அதை ஹங்கேரியப் பெயராக மாற்றிக்கொண்டான். மெய்லெக் கடைசிவரை அவனை ஆரோன் என்றுதான் சொன்னார். ஆனாலும் அப்போது அது சண்டை இல்லை, மாமனார் மருமகன் கிண்டல்தான்.

ஊர் இரண்டானது ஒரே நாளில் நடந்ததில்லை. என் தாத்தா காலத்தில் எங்களுக்கு ஒரே ஜெப ஆலயம். பிறகு வடக்கே மலைக்கு அப்பாலிருந்து ஹசீதுகள் என்கிற பக்திக் கூட்டத்தார் வந்தார்கள். ஆடிப் பாடித் தொழுதார்கள், தொழுகை நேரத்தைத் தங்கள் இஷ்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவர்கள் அறுத்த இறைச்சியைத் தொடக்கூடாது என்று பெரியவர்கள் விலக்கு போட்டார்கள். சில வருஷம் போனதும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து எல்லாம் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் ஜெர்மன் தேசத்துப் பக்கமிருந்து புதுக் காற்று வந்தது. நகரங்கள் யூதர்களுக்குத் திறந்தன, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பெரிய தானிய வியாபாரிகள் சேர்ந்து சந்தை மைதானத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு ஆலயம் கட்டினார்கள். தோரா என்கிற வேதச் சுருளை வாசிக்கிற மேடையை நடுவிலிருந்து தூக்கி முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். பெண்கள் மாடத்தை மறைக்கிற மரத்தட்டி இல்லை. பாடகர் குழு பாடியது. அவர்களுடைய மதகுருவான ரபி, பாதிரியார் மாதிரி கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, எங்கள் பேச்சில் இல்லாமல் ஹங்கேரிய மொழியில் பிரசங்கம் செய்தார்.

அந்தச் சமயத்தில் ஓய்வுநாளான ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெய்லெக் வீட்டில் நடந்ததை மாலி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவரைக்கொட்டையும் வாத்துக் கொழுப்பும் போட்டு முந்தின நாளே அடுப்பில் ஏற்றிய குழம்பு மேசையில் இருந்தது. புது ஆலயத்துப் பேச்சு வந்தது. வாசிக்கிற மேடையை நகர்த்தியதில் என்ன பாவம் என்று ஆர்மின் கேட்டான்.

"எருசலேம் ஆலயம் இருந்த காலத்துல ஆடு மாடு பலி கொடுத்தோம், மாமா. ரோமாக்காரன் கொளுத்திட்டான். அப்புறம் பலி போச்சு, தொழுகை வந்துச்சு. அன்னிக்கு அதுவும் புதுசுதானே? ஹசீதுங்கள இதே ஊர்ல வெரட்டுனாங்க. இப்ப நீங்களே அவங்களோட ஒரே பெஞ்சுல உக்காந்து தொழுறீங்க. காலத்துக்கு ஏத்த மாதிரி மாறுனதாலதான் நாம இன்னும் உயிரோட இருக்கோம்."

மெய்லெக் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

"ஆலயம் எரிஞ்சப்ப நாம அழுதோம், ஆரோன். மாறினோம், ஆனா அழுதுகிட்டே மாறினோம். நீங்க பாட்டுக் கச்சேரி வச்சுல்ல மாறுறீங்க?"

ஹிண்டா அவசர அவசரமாக இருவர் தட்டிலும் குழம்பை ஊற்றினாளாம். போதும் என்று சொல்லச் சொல்ல ஊற்றிக்கொண்டே இருந்தாளாம். அந்த மேசையில் அவர்கள் நால்வரும் சேர்ந்து சாப்பிட்டது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பழைய வழிக்கார ரபிகள் ஓரிடத்தில் கூடி, அந்த மாதிரி ஆலயத்துக்குள் காலே வைக்கக்கூடாது, வருஷத்தின் மிகப் புனிதமான நாளில் தொழ வேறு இடம் இல்லாவிட்டாலும் வைக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கம் பெஸ்ட் நகரத்தில் பெரிய மாநாடு கூட்டி, தேசத்து யூதர்கள் எல்லோரையும் ஒன்றாக்கப் பார்த்தது. ஒன்றாக்கப் போய் இரண்டாக்கிவிட்டது. பழைய வழியிலேயே நின்ற நாங்கள் ஆர்த்தடாக்ஸ் ஆனோம், புது ஆலயத்துக்காரர்கள் நியோலோக் ஆனார்கள். சில ஊர்களில் இரண்டும் வேண்டாம் என்று பழையபடியே இருந்துவிட்ட மூன்றாவது கூட்டமும் இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு யாருக்கும் தெம்பில்லை. இறைச்சி அறுப்பவர் இரண்டு, பெண்கள் சடங்குக்கு முழுகும் குளம் இரண்டு, இடுகாடும் இரண்டு. பழைய இடுகாடு எங்களுக்கு வந்தது. அவர்கள் செங்கல் சூளைக்கு அப்பால் ஒரு மேட்டு நிலத்தை வாங்கி வேலி போட்டார்கள்.

எங்கள் ரபி ஷ்மெல்கே விலக்கை வாசித்தார். அவர் வாசித்தது அந்த ஆலயத்துக்குள் போவதைப் பற்றியும், அவர்கள் இறைச்சியைச் சாப்பிடுவதைப் பற்றியும்தான். ஆனால் ஆலயப் பணியாளர் லிப்மானும் சங்கத்து ஆண்கள் சிலரும் அதோடு இன்னும் பலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, அவர்கள் கல்யாணத்துக்குப் போகக்கூடாது, அவர்கள் பிணத்தை நம் கை தொடக்கூடாது. மீறுகிறவருக்குச் சங்கத்தில் இடமில்லை, அவருடைய பிணத்தை யாரும் தொடமாட்டார்கள். இதெல்லாம் ரபி சொன்னதா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. ரபியும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆர்மினோடு மாலியும் அந்தப் பக்கம் போய்விட்டாள். மெய்லெக் தன் வீட்டில் அவள் பெயரை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஹிண்டா முன்பு நாய்க்கும் இடிக்கும் பயந்தாள். இப்போது ஜன்னல்களுக்குப் பயந்தாள். எந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் நின்று பார்க்கிறார்கள் என்று தெரியாது. சந்தை நாளில், வாத்து விற்பவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மூலையில், மாலி ஒரு கூண்டுக்கு இந்தப் பக்கமும் ஹிண்டா அந்தப் பக்கமும் நின்று வாத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசுவார்கள். ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். மாலிக்கு முதல் பையன் பிறந்ததை ஹிண்டா அங்கேதான் தெரிந்துகொண்டாள். பையன் யார் சாயல் என்று கேட்டாள். மாலி பதில் சொல்வதற்குள் லிப்மானின் தொப்பி கூட்டத்தில் தெரிந்தது. ஹிண்டா வாத்தை வாங்காமலே போய்விட்டாள்.

காலரா வந்த கோடையில் எனக்குக் கல்யாண வயது. முதலில் ஆற்றங்கரையில் படகுக்காரர்கள் செத்தார்கள். பிறகு சூளைக்காரர்கள். பிறகு எங்கள் தெரு. மாவட்ட அதிகாரிகள் சாலைகளை மறித்தார்கள், கிணறுகளுக்குச் சங்கிலி போட்டார்கள். சாவு விழுந்த வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் கோடு இழுத்தார்கள்.

காலையில் தொழுகைக்கு எழுப்ப லிப்மான் மரச் சுத்தியலோடு வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வருவார். சாதாரண நாளில் மூன்று தட்டு. தெருவில் சாவு விழுந்திருந்தால் இரண்டே தட்டு. நாங்கள் படுக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தட்டுக்காகக் காத்திருப்போம். அந்தக் கோடையில் அது வரவே இல்லை. ஒரு கட்டத்தில் அம்மா, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குங்கள் என்று எங்களிடம் சொன்னாள். அவள் தூங்கவில்லை. அவளும் ஹிண்டாவும் மற்ற பெண்களும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

பிறகு அம்மாவும் படுத்தாள். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், சாயங்காலத்துக்குள் முகம் ஒடுங்கி, எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்ட வந்தவர்களில் ஹிண்டாவும் இருந்தாள். முடித்துவிட்டு வெளியே வந்து என் தலையில் கை வைத்தாள். அந்தக் கையில் சுண்ணாம்பு வாடை அடித்தது. "உங்கம்மா கேட்ட மாதிரியே செஞ்சேன்," என்றாள். என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குப் பிறகு சங்கத்துப் பெண்களில் ஒருத்தி செத்தாள், இன்னொருத்தி மகளோடு மலைப்பக்கம் ஓடிவிட்டாள். புது ஆலயத்துக்காரர்கள் பக்கத்தில் நிலைமை இதைவிட மோசம். நியோலோக் பெண்கள் தங்களுக்கென்று ஆரம்பித்த சங்கம் புதிது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் நல்ல குடும்பத்து இளம்பெண்கள். சாலையை மறிப்பதற்கு முன்பே பாதிப்பேர் பெஸ்டுக்கு வண்டியேறிவிட்டார்கள். யாரும் எடுக்காத பிணங்களை நகரசபையின் சுண்ணாம்பு வண்டி வந்து எடுத்துப்போகும். உடுத்தியிருந்த அழுக்குத் துணியோடேயே போட்டு மூடிவிடுவார்கள்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை முற்பகல், மாலி எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தாள். விலக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்தத் தெருவை மிதித்ததில்லை. தலையில் துணிகூடச் சரியாகக் கட்டவில்லை. நான் எங்கள் ஜன்னலில் நின்றிருந்தேன். அவள் தன் அப்பா வீட்டு வாசல்வரை போனாள். படி ஏறவில்லை. தெருவிலேயே நின்று கூப்பிட்டாள்.

"அம்மா. எங்க மாமியார் போயிட்டாங்க. அவர் சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு, வரமுடியல. புள்ளைய பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். நான் மட்டுந்தான் அங்க இருக்கேன். வண்டி வந்துரும்."

தெருவில் அத்தனை ஜன்னலும் திறந்திருந்தது.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு ஹிண்டாதான் சொன்னாள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். மெய்லெக் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வெட்டி வைத்த கண்ணாடியின் ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அது தொழுகை நேரமே இல்லை.

ஹிண்டா என் அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்துவைத்திருந்த கோடித் துணி மூட்டையையும், இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. வாளிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. தாயும் மகளும் தெருவின் நடுவே நடந்துபோனார்கள். ஓரமாகப் போனால் ஜன்னல்கள் பக்கத்தில் வந்துவிடும் என்று ஹிண்டா நடுவே நடந்தாள்.

ஆர்மின் வீட்டில் கிணற்றுக்குச் சங்கிலி போட்டிருந்தது. குடத்தில் இருந்த தண்ணீர் நோயாளிக்கே செலவாகியிருந்தது. பக்கத்தில் திறந்திருந்த கிணறு ஒன்றே ஒன்றுதான். அது புது ஆலயத்தின் முற்றத்தில் இருந்தது. மாலி தானே போய்க் கொண்டுவருவதாகச் சொன்னாள். ஆனால் அவளும் இரண்டு நாளாகத் தூங்காதவள், ஒரு வாளி தூக்கவே தள்ளாடினாள். இரண்டு பேரும்தான் போகவேண்டியிருந்தது.

முற்றத்து இரும்புக் கதவு திறந்துதான் கிடந்தது. ஹிண்டா வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே கால் வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது. நிலம் பிளக்கும் என்று நினைத்தாளா என்று ஒரு முறை கேட்டேன். அதை நினைக்கவில்லை, செத்த குழந்தையை நினைத்தாளாம். தான் செத்த பிறகு அந்தக் குழந்தை இருக்கும் இடத்துக்குத் தன்னை விடாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாளாம்.

பிறகு உள்ளே போனாள். தண்ணீர் இறைத்தாள். ஆலயத்தின் பெரிய கதவு பூட்டியிருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். திரும்பும்போது மைதானத்துக்கு அந்தப் பக்கம் லிப்மான் நிற்பதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார், போய்விட்டார்.

நால்வர் செய்யவேண்டியதை இருவர் செய்தார்கள். மாமியாரின் உடல் நோயில் உலர்ந்து கறுத்திருந்தது. உயிரோடு இருந்தபோது அவள் ஹிண்டாவிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசியதில்லை. கண்ணாடிக்காரன் பெண்டாட்டி என்றுதான் சொல்வாள். மாலி பிணத்தைத் தொட்டதும் பின்வாங்கினாள். ஹிண்டா அவள் மணிக்கட்டைப் பிடித்து, தலைக்கு அடியில் எங்கே கை கொடுக்கவேண்டும் என்று வைத்துக் காட்டினாள். அந்த அறைக்குள் வந்ததும் ஹிண்டாவின் நடுக்கம் நின்றுவிட்டது என்று மாலி சொன்னாள். கழுவி முடித்துச் சடங்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஒரு வாளி தீர்வதற்கு முன்பே அடுத்த வாளியின் தண்ணீர் விழவேண்டும், நடுவில் நிற்கக்கூடாது. முதல் முறை மாலியின் வாளி தாமதித்தது. தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டில் மிச்சத் தண்ணீர் இல்லை.

"திரும்பவும் போகணும்," என்றாள் ஹிண்டா.

"போதும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"இவங்களுக்குத் தெரியும்ல," என்று ஹிண்டா மேசையில் கிடந்தவளைக் காட்டினாள்.

மறுபடியும் அந்த முற்றத்துக்குப் போனார்கள்.

கோடித் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுண்ணாம்பு வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரன் சாட்டைக் கட்டையால் கதவை இடித்தான். ஹிண்டா கதவின் உட்புறம் முதுகைக் கொடுத்து நின்று, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். அவள் குரல் வெளியே கேட்டிருக்குமா என்பதே சந்தேகம். வண்டிக்காரன் திட்டினான். ஆனால் உள்ளே வர அவனுக்கும் பயம். வண்டியின் அந்தப் பக்கம் போய்ப் புகைபிடித்துக்கொண்டு நின்றான். எல்லாம் முடிந்து, மன்னிப்புக் கேட்டு, வழக்கம் போல ஹிண்டா கொஞ்சம் காத்திருந்து, அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. வெள்ளைத் துணியில் முழுதாகக் கட்டிய உடல் வண்டியில் ஏறியது. இரண்டு பெண்களும் பின்னாலேயே சூளையைத் தாண்டி நடந்துபோய், குழியில் இறக்கும்வரை நின்றார்கள்.

ஹிண்டா வீடு திரும்பியபோது மெய்லெக் அதே இடத்தில் நின்றிருந்தார். அவள் வாசலிலேயே கை கால் கழுவினாள், உடுத்தியிருந்ததை அடுப்பில் போட்டாள். தட்டில் ரொட்டி வைத்தாள். அவர் சாப்பிட்டார். ஓய்வுநாள் வந்து போனது. அவர் அவளோடு பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல் வந்தது. கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னல் ஒன்றுவிடாமல் உடைந்தது. தெருவில் யாரும் வெளியே வரவில்லை, எங்கள் அப்பாவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெய்லெக் தன் சட்டத்தை வெளியே எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளந்து அறுத்துப் புதுக் கண்ணாடி போட்டார். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வைக்கோலில் சுற்றினார்.

மறுநாள் ரபி ஷ்மெல்கே வீட்டுக்கு ஹிண்டாவைக் கூப்பிட்டார்கள். சங்கத்து ஆண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பாவும் அங்கே இருந்ததால் எனக்கு இது தெரியும். லிப்மான் எழுந்து, இந்தப் பெண் தடை செய்த இடத்துக்குள் பட்டப்பகலில் நுழைந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

ரபி ஹிண்டாவைப் பார்த்து நிஜமா என்று கேட்டார். கதவுப் பக்கம் நின்றிருந்த மெய்லெக் முன்னால் வந்தார்.

"எம் பொண்டாட்டி பயந்தவ, ரபி. ஊருக்கே தெரியும். அவ பயந்துகிட்டேதான் போனா. போகாதன்னு சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லல. வாயத் தொறந்தா அந்த வார்த்தை வந்துருமேன்னு செவுத்தப் பாத்து நின்னேன். விலக்குறதா இருந்தா என்னையும் சேத்து விலக்குங்க."

சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. ரபி வயதானவர். அந்த வாரத்தில் மகனைப் புதைத்தவர். அவர் லிப்மானைப் பார்த்தார், சங்கத்துக்காரர்களைப் பார்த்தார், எதிரில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். அவர் கண்ணிலும் பயம் தெரிந்தது என்று அப்பா சொன்னார். ரபிக்கு அப்படி ஒரு பயம் இருக்குமென்று அப்பா அதுவரை நினைத்ததில்லையாம்.

கடைசியில் ஹிண்டாவிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"தண்ணி நடுவுல நிக்காம ஊத்துனியா?"

"மொத தடவ நின்னுருச்சு. அதனாலதான் ரெண்டாவது தடவ போனேன்."

ரபி தலையை ஆட்டினார். இதை அலசிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும், பிறகு சொல்கிறேன் என்றார். எல்லோரும் எழுந்து போனார்கள்.

அவர் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் அவர் இறக்கவுமில்லை, ஊரைவிட்டுப் போகவுமில்லை. இன்னும் ஒன்பது வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹிண்டாவைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அவளைச் சங்கத்திலிருந்து நீக்கியதாகவும் அறிவிப்பு இல்லை, இருப்பதாகவும் இல்லை. இலையுதிர்காலத்தில் காலரா ஓய்ந்து, புதிய பெண்கள் சேர்ந்த பிறகு, அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. என்றைக்காவது தீர்ப்பு வரும் என்று அவள், கடவுள் தீர்ப்பு எழுதும் நாளான ஒவ்வொரு புத்தாண்டுக்கு முன்பும் நடுங்குவாள். கதவு தட்டினால் அதுதான் என்று நினைப்பாள். ரபி செத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. இனி அதைச் சொல்ல ஆளே இல்லையே என்று புதிதாக ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். எப்போதாவது, கஷ்டமான சாவென்றால், மாலி மூலமாகச் சொல்லியனுப்புவார்கள். ஒவ்வொரு முறையும் ஹிண்டா முடியாது என்பாள், முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். மெய்லெக் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் விளிம்புவரை கூடவே வருவார். அதற்கப்பால் ஒரு அடி வைக்கமாட்டார். மழையானாலும் பனியானாலும் அங்கேயே நின்று, அவள் திரும்பியதும் வாளிகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். மகள் வீட்டு வாசலை அவர் கடைசிவரை மிதிக்கவில்லை. பேரனைத் தெருவில் பார்த்தால் நின்று பார்ப்பார், பேசமாட்டார். ஒரு முறை அவன் பந்து அடித்துப் புது ஆலயத்துச் சின்ன ஜன்னல் உடைந்தது. அவர்கள் வேறு ஊரிலிருந்து ஆள் வரவழைக்கப் பார்த்தார்கள். மெய்லெக் அளவு மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கண்ணாடியை அறுத்து மாலியிடம் கொடுத்தனுப்பினார். பொருத்துவதற்கு மட்டும் வேறொருவரைப் பார்க்கச் சொன்னார்.

அவருக்குப் பிறகு ஹிண்டா பல வருஷம் தனியாக இருந்தாள். அதற்குள் நான் சங்கத்தில் சேர்ந்திருந்தேன். பிறகு என் அம்மா இருந்த இடத்துக்கு வந்தேன். ஒரு நாள் மெதுவாக, மறுபடியும் எங்களோடு வருகிறீர்களா என்று ஹிண்டாவைக் கேட்டேன். ரபி ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்றேன். அதனாலதான் என்றாள்.

அவள் ஒரு பிப்ரவரியில், தன் கட்டிலில், காய்ச்சல் வந்து இறந்தாள். நானும் மற்ற மூவரும் குளிப்பாட்டினோம். மகள்கள் செய்யக்கூடாது என்பதால் மாலி வெளியே நின்றாள். சங்கத்து ஆண்களில் சிலர், இவளை நம் இடுகாட்டில் வைப்பதா என்று பேச ஆரம்பித்தார்கள். லிப்மானின் மகனும் அவர்களில் ஒருவன். என் கணவர் போய், யாராவது தடுப்பதாக இருந்தால் ரபி அவளை விலக்கிய தீர்ப்பைக் காட்டட்டும் என்றார். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. செத்துப்போன குழந்தையின் சின்னக் கல்லுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள்.

ஊர் இரண்டான பிறகு மாலியும் ஆர்மினும் எங்கள் இடுகாட்டுக் கதவுக்குள் வந்தது அன்றுதான். மெய்லெக்கின் அடக்கத்துக்கும் வெளியேதான் நின்றிருந்தார்கள். ஆர்மினுக்கு முடி நரைத்திருந்தது. மதில் ஓரமாக நின்று, மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னான். யாரும் அவனிடம் பேசவில்லை, போகவும் சொல்லவில்லை. மாலி என் பக்கத்தில் நின்றாள். மண் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பாமலே என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"யாராச்சும் பாக்கறாங்களா?"

இல்லை என்றேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தெருவில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.